உஸ்! பாப்பாப் பாட்டு நடக்கிறது

காக்கையில் அண்டங்காக்கை என்று ஒரு வகை இருப்பதுபோல ரசிகர்களில் பாலகான ரசிகர் என்று ஒரு வகை உண்டு. பறவை பார்க்கிறவர்கள் கல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் பைனாகுலரும் கையுமாக நாளெல்லாம் காத்துக் கிடக்கிறார்கள், பாவம். உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் வேண்டாம். லேக் கார்டன்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கேயாவது குழந்தைகளுக்குப் பாட்டு நடக்கிறது என்று காதில் விழுந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். முதல் வரிசையில், குழந்தைகளுக்காக விரித்த ஜமக்காளத்தின் நட்டநடுவில், சப்பணமிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் இருக்கிற அத்தனை வாண்டுகளுக்கும் மேடை தெரியாதபடி முதுகை விரித்து, தொடையில் தாளம் போட்டபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

அவர்தான்.

அவருக்குக் குழந்தை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது மீசை வைத்துக்கொண்டு திருச்சியில் இன்ஜினீயரிங் படிக்கிறது. இரண்டு வயதில் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு முதல் பாட்டுக் கூட்டத்துக்கு வந்தார். குழந்தை வளர்ந்து இறங்கிப் போய்விட்டது. இவர் அங்கேயே நின்றுவிட்டார்.

பாலகானம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய கம்பெனிக்காரர்கள் கண் பிதுங்கிய பொம்மைகளை ஆடவிட்டு, குழந்தை வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அம்மா சோற்றைத் திணிப்பதற்காகப் போனில் ஓட்டுகிறார்களே, அது இல்லை. இது சுயேச்சை. தேர்தலில் நிற்கிற சுயேச்சை மாதிரியேதான். கட்சி கிடையாது, கொடி கிடையாது, போஸ்டர் ஒட்ட ஆள் கிடையாது. தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, வெளிச்சத்தம் கேட்காமல் இருக்கத் துணி அலமாரிக்குள் புடவைகளுக்கு நடுவே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு தானே பாடிப் பதிவு செய்து, இணையத்தில் ஏற்றிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று தானே திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிற தொழில்.

எங்கள் வாசுகி அப்படி ஒரு சுயேச்சை. கோயம்புத்தூர்ப் பெண். வாரநாளில் சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு தவளைக்கும் கரடிக்கும் பாட்டு. கிடாருக்குப் பிறந்த குட்டி மாதிரி யுகுலேலே என்று ஒன்று கையில் இருக்கும். கூடவே மது, அவள் ஆபீஸ்காரன். அவன் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, உட்கார்ந்த பெட்டியையே தட்டுவான். பார்த்தால் உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவதுபோல இருக்கும். அதுதான் தாளமாம்.

அந்தப் பெட்டியால்தான் வந்தது வினை. வாசுகி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், இனிமேல் பெட்டி தட்டினால் வேறு வீடு பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். போக்கிடம் இல்லாமல் எங்கள் பாடா க்ளப்புக்கு வந்தாள். பாடா என்றால் இந்த ஊரில் நம் தெரு, நம் பேட்டை. அதன் க்ளப் என்றால் துர்க்கை பூஜையிலிருந்து கேரம் போர்டு வரை எல்லாவற்றுக்கும் அதுதான் அரசாங்கம். செயலாளர் பாப்லுதா முகத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"மாதம் ஒரு ஞாயிறு ஹாலைத் தருகிறேன், தீதி. ஆனால் முதலில் ஒரு தடவை பாடிக் காட்டு. குழந்தைகள் கடைசிவரை இருந்தால் ஹால் உனக்கு. ஓடிப்போனால் பழையபடி உட்கார்ந்து வரையும் போட்டிதான்."

உட்கார்ந்து வரைவது கல்கத்தாவின் தேசிய விளையாட்டு. இங்கே குழந்தை பிறந்தால் முதலில் அழும், அடுத்து க்ரேயான் கேட்கும். வரையும் அட்டைகளும் வர்ணப் பெட்டிகளும் ஹால் மூலையில் அடுக்கித் தயாராக இருந்தன. வாசுகி அந்த மூலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

ஆனால் அவளுக்கு உண்மையான கண்டம் அந்த மூலையில் இல்லை. முதல் வரிசையில் இருந்தது. பெயர் வாஞ்சிநாதன். ரயில்வேயில் கணக்கு அதிகாரி.

வாஞ்சிநாதன் கெட்டவர் இல்லை. வாசுகியின் பாட்டு ஒன்று விடாமல் மனப்பாடம். அதுதான் தொந்தரவே. சாந்த்ராகாச்சியில் ஒரு மாடியில் அவள் பாடிய முதல் கச்சேரிக்கு வந்தவர் அவர். அந்தப் பெருமையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். முதலில் சொன்னபோது நாற்பது பேர் வந்திருந்தார்கள். அடுத்த வருஷம் அது பதினைந்தானது. போன பூஜைக்குச் சொன்னபோது, "மொத்தம் நாலே பேர், அதுல ஒண்ணு ஆடு." இன்னும் இரண்டு வருஷம் போனால் அந்தக் கச்சேரிக்கு வாசுகியே வந்திருக்க மாட்டாள், இவர் ஒருவரே ஆட்டோடு உட்கார்ந்து கேட்டிருப்பார்.

கச்சேரி முடிந்ததும் இவரும், சாந்த்ராகாச்சியிலிருந்து ரயிலேறி வரும் ராஜலக்ஷ்மியும், இன்னும் நாலு பேரும் ஏரிக்கரை டீக்கடையில் கூடி மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்குவார்கள். "வாளிக்குள் தவளை" பாட்டில் தவளை கடைசியில் வெளியே வருகிறதா இல்லையா என்று மாலை மங்கும்வரை சண்டை. தமிழனுக்குச் சபாவும் வங்காளிக்கு அட்டா அரட்டையும் சாப்பாட்டுக்கு மேல் அல்லவா? இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் அந்தக் கூட்டம் இரண்டு கட்சியாக உடைந்து, தவளை வெளியே வரும் கட்சி ஒரு பெஞ்சிலும் வராத கட்சி இன்னொரு பெஞ்சிலுமாகப் பிரிந்து, டீக்கடைக்காரர் எந்தப் பெஞ்சுக்கு முதலில் பிஸ்கட் கொடுப்பது என்று தெரியாமல் கடையையே மூடிவிட்டார்.

"முதல் தொகுப்புல இருந்த சத்தியம் ரெண்டாவதுல இல்லை," என்பார் வாஞ்சிநாதன். எதைப் பற்றி? தவளை "கொர்" என்று கத்துவதைப் பற்றி.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். டிசம்பர் மாதம். கொஞ்சம் காற்று சில்லென்று வீசியதுமே கல்கத்தாக்காரர்கள் இமயமலைக்குப் புறப்படுகிற மாதிரி தலைமுதல் கழுத்துவரை கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொள்வார்கள் அல்லவா, மங்கி கேப் என்று? வாஞ்சிநாதன் இந்த ஊரில் இருபது வருஷம் இருந்து வங்காளத்தைக் கற்கவில்லை, குல்லாவைக் கற்றுக்கொண்டார். காப்பிக்கொட்டை நிறத்தில் குல்லா, அதே நிறத்தில் முழங்கால்வரை சால்வை. மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே. வந்து நட்டநடுவில் உட்கார்ந்தார்.

வாசுகி முதல் பாட்டை ஆரம்பித்தாள். குழந்தைகள் கைதட்டின.

"உஸ்!" என்றார் வாஞ்சிநாதன்.

சாதாரண உஸ் இல்லை. ஏரியில் நீந்திக்கொண்டிருந்த வாத்துகள் கரையேறி வரிசையில் நின்றதாகக் கேள்வி. பிறகு பக்கத்தில் இருந்த குண்டுப் பையனிடம், "தம்பி, இது மூணு எண்ணிக்கை. நீ நாலு தட்டறே," என்றார். அந்தப் பையன் பாப்லுதாவின் பேரன் குட்டுஸ். வயது இரண்டரை. அவரை நன்றாகப் பார்த்துவிட்டுத் தன் செருப்பை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தான்.

இரண்டாவது பாட்டில் ஒரு பெண் எழுந்து ஆடினாள். "உட்காரும்மா, வரி காதுல விழலை." ஒருவன் தவளை மாதிரிக் குதித்தான். "உஸ்! இன்னும் குதிக்கிற இடம் வரலை." மேடையிலிருந்து வாசுகி கெஞ்சினாள்.

"சார், பரவால்லீங்க சார். குதிக்கட்டுங்க."

"நீ பாடும்மா. இவங்களை நான் பார்த்துக்கறேன். கலைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

பார்த்துக்கொண்டார். குழந்தைகள் ஒவ்வொன்றாக நழுவின. பக்கத்துச் சமையலறையில் லூச்சி என்கிற மைதா பூரி பொரிகிற வாசனை வேறு. இரண்டு பேர் அந்தப் பக்கம் போனார்கள், நாலு பேர் ஜன்னலில் ஏறினார்கள், மிச்சம் இருந்தவை கொட்டாவி விட்டன. பாப்லுதா மூலைக்குப் போய் வரையும் அட்டைகளைத் தூசி தட்டினார். தூசி பறந்தது. மது பெட்டியைத் தட்டினான், இப்போது உண்மையாகவே யாரோ வெளியே விடச் சொல்லித் தட்டுகிற மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது, கரடிப் பாட்டு. போன மாதம்தான் பதிவேற்றியது.

"குகைக்குள்ளே தூங்குறது யாரு?
கூப்பிட்டா முழிக்கிறது யாரு?"

வாசுகி நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தேடுகிற மாதிரி நடித்தாள். "கரடி எங்கே? யாராச்சும் பாத்தீங்களா?"

என் பக்கத்தில் ஹர்ஷினி உட்கார்ந்திருந்தாள். மாடிவீட்டுப் பெண். வயது நாலு, தமிழில் சாப்பிட்டு வங்காளத்தில் பேசுகிறவள். அவள் காதில் நான் எதுவும் ஓதவில்லை. ஓதினேன் என்று சிலர் சொல்கிறார்கள், சொல்லட்டும். அவள் எழுந்து நின்று, விரலை நீட்டி, ஹால் அதிரக் கத்தினாள்.

"ஓய் தோ பாலுக்!" அதோ கரடி!

எல்லாத் தலையும் திரும்பியது. காப்பிக்கொட்டை நிறத்தில், மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய, நிஜமாகவே ஒரு கரடி உட்கார்ந்திருந்தது.

கரடி, "உஸ்!" என்றது.

இருபது முப்பது வாய்கள் திருப்பி "உஸ்ஸ்ஸ்!" என்றன. ஜன்னலில் இருந்தவர்கள் குதித்தார்கள். லூச்சிக்குப் போனவர்கள் லூச்சியோடு ஓடி வந்தார்கள்.

"இதோ பார், வாசுகி," என்று வாஞ்சிநாதன் எழுந்தார். "அசல் பதிவுல கரடி கூட்டத்துக்குள்ள வராது!"

கரடி பேசுகிறது! கரடி எழுந்து நிற்கிறது! ஒருவன் காலைக் கட்டிக்கொண்டான், ஒருத்தி சால்வைக்குள் புகுந்துவிட்டாள், ஹர்ஷினி முதுகில் ஏறிக் குல்லாவின் குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டாள். வாசுகி சளைத்தவளா? யுகுலேலேயை உயர்த்திப் பிடித்து, "குகைக்குள்ளே தூங்குறது யாரு?" என்று மறுபடி எடுத்தாள். மது பாட்டின் கடைசியில் வர வேண்டிய உறுமலை உறுமினான். பல்வலிக்காரன் முனகின மாதிரி "உர்" என்று ஒன்று வந்தது.

இந்த இடத்தில்தான் வாஞ்சிநாதனால் தாங்க முடியவில்லை. கழுத்தில் ஒன்று, காலில் மூன்று, சால்வைக்குள் எத்தனையோ. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். தப்பான உறுமலைப் பொறுக்க முடியவில்லை.

"அழுத்தம் எங்கேடா மது? எத்தனை வாட்டி சொல்றது? அடிவயித்துலேர்ந்து வரணும்! இப்படி—"

உறுமினார்.

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் நின்ற லோக்கல் ரயில் சிக்னல் விழாமலே புறப்பட்டுப் போனது. எண்ணெய்ச் சட்டியில் லூச்சிகள் தாமாகத் திரும்பிப் படுத்தன. குட்டுஸ் வாயிலிருந்து செருப்பு கீழே விழுந்தது. கீழுதடு பிதுங்கியது. அட்டையும் கையுமாகப் பாப்லுதா பேரனைப் பார்த்தார், வாசுகி பாப்லுதாவைப் பார்த்தாள். செயலாளரின் பேரன் அழுதால் கதை அதோடு முடிந்தது.

உதடு நடுங்கியது. இன்னும் நடுங்கியது. பிறகு விரிந்தது.

"ஆபார்!" என்றான் குட்டுஸ். மறுபடியும்!

"ஆபார்! ஆபார்!" என்று ஹாலே எழுந்தது. வாஞ்சிநாதன் திகைத்து நின்றார். இத்தனை வருஷம் கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் இதுவரை ஒருவரும் மறுபடியும் என்று கேட்டதில்லை, அவர் வீட்டில்கூட. தொண்டையைச் செருமினார். குல்லாவைச் சரி செய்தார். "ஸ்ருதி குடும்மா," என்றார் வாசுகியிடம்.

சாப்பாட்டு நேரம்வரை உறுமினார். ஒரு குழந்தையும் நகரவில்லை. அம்மாக்கள் வந்து இழுத்தார்கள், நகரவில்லை. பாப்லுதா அட்டைகளை மூலையிலேயே வைத்துவிட்டு, பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசுகியிடம் வந்தார்.

"ஹால் உனக்குத்தான், தீதி. ஒரே ஒரு நிபந்தனை. மாதாமாதம் கரடிக் காக்கு வர வேண்டும்."

வாசுகி வாஞ்சிநாதனைப் பார்த்தாள். வாஞ்சிநாதன் மதுவைப் பார்த்தார்.

"வரேன்," என்றார். "ஆனா பெட்டி கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. என் உறுமலை அமுக்கறது."

இப்போது பாடா முழுக்க அவரைக் கரடிக் காக்கு, அதாவது கரடிச் சித்தப்பா, என்றுதான் கூப்பிடுகிறது. குல்லாவுக்குத் தனிப் பெட்டி வாங்கியிருக்கிறார். தொண்டைக்கு மிளகுக் கஷாயம், கச்சேரிக்கு முதல் நாள் மௌன விரதம். முதல் வரிசை காலியாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், அந்த இடம் அடுத்த கச்சேரியிலேயே நிரம்பிவிட்டது. போன ஞாயிறு ராஜலக்ஷ்மி ஜமக்காளத்தின் நட்டநடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கரடி உறுமி முடித்ததும் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"முதல் உறுமல்ல ஒரு உண்மை இருந்தது, மாமி. இப்ப கைதட்டலுக்காக உறுமறார்."

"அன்னிக்கு நீ வரவே இல்லையே, ராஜி?"

"வராட்டா என்ன? அந்த மாதிரிக் கச்சேரிக்கெல்லாம் யாரு வந்தா? நாலு பேர் இருந்திருந்தாலே அதிகம்."

ஆக, இந்த வகை அழியாது. நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் அப்படியில்லை என்று நினைக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக் குழந்தை ஒன்று ஓடி வந்து உங்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாடிக் காட்டியதே, அப்போது நீங்கள் இந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உஸ்! இரு. பாப்பாப் பாட்டைப் பற்றிப் படிச்சிண்டிருக்கேன்," என்றீர்களா இல்லையா?

குல்லா அளவு சொல்லுங்கள். காப்பிக்கொட்டை நிறம்தான் எடுப்பாக இருக்கும்.