அவசரத்துக்கு வைத்த ஓடு

எதை வாங்கினாலும் தேவைக்கு மேல் கொஞ்சம் வாங்காவிட்டால் தூக்கம் வராத மனிதர்கள் சிலர் உண்டு. 'கூட நாலு போடு' ஆசாமிகள் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். ஊருக்கு ஒருவர் இருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? தெருவுக்கு நாலு பேர்.

விருத்தாசலம் தங்கதுரையைப் பாருங்கள். பீங்கான் பட்டறையில் வேலை; சூளையைத் திறக்கும்போதெல்லாம் வெடித்த பொம்மைகளைப் பார்த்துப் பார்த்து, மண்ணால் செய்த எதுவும் உடைந்தே தீரும் என்ற முடிவுக்கு வந்தவர். அவர் மனைவி விருத்தாம்பாள் தையல் மெஷின் போட்டிருக்கும் பின்பக்க அறைக்குப் புது ஓடு போட வேண்டியிருந்தது. கொத்தனார் கொளஞ்சி அளந்து பார்த்து, உடைசலுக்கும் சேர்த்தே முந்நூறு என்றார். தங்கதுரை விடுவாரா? லாரியில் குலுங்கி உடைவதற்குக் கொஞ்சம், இறக்கும்போது கை நழுவுவதற்குக் கொஞ்சம், ஓரத்தில் வெட்டி வீணாவதற்குக் கொஞ்சம், கோயில் பக்கமிருந்து வரும் குரங்குகளுக்கென்று தனியாகக் கொஞ்சம், இவ்வளவு யோசித்தும் ஏதாவது விட்டுப்போயிருந்தால் என்று அதற்கும் கொஞ்சம்.

"வூட்டுக்கு ஓடு போடறீங்களா, ஓட்டுக்கடை வைக்கறீங்களா?" என்றார் கொளஞ்சி.

வேலை முடிந்து மிஞ்சியது, கொல்லையில் துணி காயப்போடும் இடத்தை அடைத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் குடியேறியது. காலையில் அதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கினால்தான் தங்கதுரைக்குத் திருப்தி.

ஐப்பசி மழையில் குரங்கு ஒன்று ஓட்டை மிதித்து உடைத்தது. நேர் கீழே தையல் மெஷின். அதன்மேல் மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய பட்டு ரவிக்கைகள்.

"கொல்லையில இருந்து ஒண்ணு எடுத்துப் போடுங்க. துணி நனைஞ்சா நாளைக்கு அந்தக் கல்யாண வூட்டுல நான் தலை காட்ட முடியாது."

"அதுல கை வைக்காத. அவசரத்துக்கு வச்சிருக்கறது."

"இது அவசரம் இல்லாம என்னங்க?"

இந்தக் கேள்விக்கு இந்த ரகத்தினரிடம் பதில் இருக்காது. பஸ் இருக்கும். ஒரே ஒரு ஓடு வாங்கக் குடையோடு வேப்பூர் ஓட்டுக்கடைக்குப் பஸ் ஏறியவர், ஆறு ஓட்டோடு திரும்பி வந்து இறங்கினார். வழியில் உடையாது என்று யார் கண்டார்கள்?

ஒன்றுகூட உடையவில்லை. வீட்டிலோ ஒழுகல் நின்றிருந்தது. கொளஞ்சியைக் கூப்பிட்டு, அடுக்கிலிருந்தே ஒன்றை எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, விருத்தாம்பாள் கடைசி ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். தங்கதுரை தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். ஒன்று குறைந்திருந்தது. கோபப்பட்டாரா? முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, கூட வாங்கிப் போட்டது எவ்ளோ நல்லதாப் போச்சு?"

சொல்லிவிட்டு, ஆறையும் அடுக்கில் சேர்த்து மூடினார்.

சிரித்தது போதும். குளியலறைக்குப் போட்டு மிஞ்சிய டைல்ஸ், காய்ந்துபோன பாதி டப்பா பெயிண்டு, என்றைக்காவது உதவும் என்று சுருட்டி வைத்த ஒயர் எல்லாம் உங்கள் பரணில் இருக்கிறதே, ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்ததும் என்ன தோன்றுகிறது? இன்னும் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கலாம் என்றுதானே?