கன்-தா-மொஸும் தேங்காய்ச் சம்பலும்

இனித் தேங்காய் திருவுவதில்லை என்று முடிவெடுத்தேன். காரணம் சோம்பல் மட்டுமில்லை, ஸ்பானிய மொழியும்தான்.

காற்று எழும்பினால் கற்பிட்டிக் களப்புக்கு ஸ்பெயின்காரர் வருவார்கள். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குவார்கள். நான் பட்டத்தை வாங்கிக்கொண்டு வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம். நளீர் நானாவின் விடுதியில் ஸ்பானியம் தெரிந்த ஆள் தேவையாம்.

மனைவி றோசமேரியிடம் சொன்னேன். "படிப்பு முடியும்வரைக்கும் என்னைத் திருவக் கூப்பிடாதே. அடுப்படிப் பக்கமே வரமாட்டன்."

"அப்படி என்ன படிப்பு?"

"வினைச்சொல்லை அசை அசையாப் பிரிக்கவேணும். எந்த அசையில அழுத்தம் எண்டு பார்க்கவேணும். கன்-தா-மொஸ். நாங்க பாடுறம். நடுவில அழுத்தம்."

"கேட்க விளங்குதா உங்களுக்கு?"

"இல்லை," என்றேன். எல்லா அசையும் ஒரே மாதிரித்தான் கேட்டது.

"அப்ப கையால பழகுங்க." தேங்காய் திருவலையை முன்னால் வைத்தாள். "அழுத்தம் வாற இடத்தில அழுத்தித் திருவுங்க. மற்றதுக்கு மெல்ல."

கன், மெல்ல. தா, அழுத்தி. மொஸ், மெல்ல. விளங்கியது. கன்-தார் என்றால் கடைசியில் அழுத்தம். கன்-தொ என்றால் முதலில். ஒரு காலத்துக்கு ஆறு வடிவம். ஆறும் முடிய ஒரு தேங்காய் முடியும்.

"இறந்தகாலம் இல்லையா?"

"இருக்கு."

"அது மட்டும் என்ன பாவம் செய்தது?" இன்னொரு தேங்காயை உடைத்தாள்.

இரண்டு பேர் வீட்டில் நான் திருவும் இவ்வளவு தேங்காய்ப்பூவும் எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"அடுப்படிப் பக்கம் வரமாட்டன் எண்டது ஆர்?"

அடுத்த வினைச்சொல்லை எடுத்தேன்.

நேர்முகத்துக்குப் போனேன். நளீர் நானா ஒரு ஸ்பெயின்காரரைக் கூட்டிவந்தார். பேசினேன். என் வலது கை தானாகத் திருவியது. ஆனாலும் அவருக்கு விளங்கியது.

"வேலை உங்களுக்குத்தான் தம்பி. சாப்பிடுங்க."

பாணும் தேங்காய்ச் சம்பலும். ஒரு வாய் வைத்தேன். தெரிந்த சம்பல்.

"இதுக்காகவே வெள்ளைக்காரர் இங்க தங்குறாங்க," என்றார். "உங்கட வீட்டுக்காரி அனுப்புறதுதான். நீங்க பின்னேரம் மட்டும் வந்தாப் போதும். காலையில படிப்பு இருக்காமே."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "வேலை கிடைச்சிட்டுது. படிப்பு முடிஞ்சுது. இனித் திருவமாட்டன்."

றோசமேரி திருவலையைத் துடைத்து என் பக்கம் தள்ளினாள்.

"அடுத்த மாதம் பிரெஞ்சுக்காரர் வாறாங்களாம்."