கேசரியில் கலங்கிய நட்சத்திரம்

திருச்சியில் எந்தத் தெருவில் எது வெடித்தாலும் திரும்பிப் பார்க்காத ஒரே ஆள் காமாதான். அவன் கவலையெல்லாம் எங்கோ, எப்போதோ வெடித்து முடிந்த ஒரு நட்சத்திரத்தைப் பற்றியது.

பெற்றோர் வைத்த பெயர் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் காமா கதிர் என்பான். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு காமாசோமாவென்று திரிவான். தில்லை நகர் மேன்ஷனில் வேறு பெயர் எடுபடவில்லை.

நான் மருந்து ரெப், அவனுடைய அறைத்தோழன். அவன் ஆராய்ச்சி மாணவன். நட்சத்திரம் வெடித்த குப்பைக்குள் கதிரியக்கக் கோபால்ட் கிடக்கும். அதிலிருந்து கிளம்பும் காமா கதிர், குப்பையைத் துளைத்துக்கொண்டு எப்போது வெளியே வரும்? இதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவன் வேலை. நிஜத்தில் கதிர் சீக்கிரமே தெரிந்துவிட்டதாம். இவன் கணக்கில் மட்டும் மாதக்கணக்கில் தாமதம்.

அறையின் ஒரே டேபிள் ஃபேன் அவன் லேப்டாப்புக்கு.

"கொஞ்சம் என் பக்கம் திருப்புடா, வேகுது."

"நீ வெந்தா டாக்டர்கிட்ட போலாம். அது வெந்தா என் கணக்கே போச்சு."

இப்படிப்பட்டவனுக்கு எடமலைப்பட்டி புதூரில் பெண் பார்த்தார்கள். மருங்காபுரியிலிருந்து அவன் அம்மா வந்தார். துணைக்கு நான்.

"தம்பி என்ன நட்சத்திரம்?" என்றார் பெண்ணின் அப்பா.

"வெடிச்ச நட்சத்திரம்ங்க."

"ரோகிணிங்க, ரோகிணி!" என்று அம்மா பதறினார்.

பெண் கலைச்செல்வி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "வெடிச்சதுல என்ன பார்க்கறீங்க?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், கேசரித் தட்டு அவன் கைக்குப் போனது.

"இந்த முந்திரிதான் கோபால்ட்னு வைங்க. நடுவுல புதைஞ்சு கிடந்தா கதிர் வெளிய வர லேட்டாகும். வெடிக்கறப்பவே எல்லாம் இப்படிக் கலங்கியிருந்தா..."

கலக்கிய வேகத்தில் பாதிக் கேசரி அவள் அப்பாவின் பட்டு வேட்டியில்.

கலைச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கதிர் வெளிய வரணும்னு நீங்க தவிக்கறீங்க. எங்க ஆஸ்பத்திரில வெளிய வந்துடக் கூடாதேன்னு பயப்படுவோம்."

திரும்பும் பஸ்ஸில் அவன் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஜங்ஷன் வந்ததும் மெல்லக் கேட்டான்: "அவங்களுக்குப் பிடிச்சிருக்குமாடா?"

பிடித்திருந்தது. அவள் சம்மதம் உடனே வந்தது. அவள் அப்பாவின் சம்மதம் வேட்டிக் கறை போனபிறகு.

கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு கிளினிக்கில் டாக்டருக்காகக் காத்திருந்தேன். போனில் காமா.

"கலக்கற அளவைக் கூட்டினேன்டா. கதிர் சரியா வந்துடுச்சு!" குரல் உடைந்திருந்தது. அழுகிறான்.

இருக்கும் இடம் மறந்து கத்திவிட்டேன்: "கதிர் வெளிய வந்தாச்சா!"

நிறைமாத மகளோடு பக்கத்தில் இருந்த ஒரு அம்மா முகம் மலர்ந்தார். "ஆம்பளப் புள்ளையா தம்பி? சுகப்பிரசவமா?"

"ஆமாங்கம்மா," என்றேன். "ரொம்ப நாளா கஷ்டப்பட்டுட்டான்."

'பட்டுட்டாளா, பட்டுட்டானா?' என்று அவர் யோசிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "நல்லா இருக்கட்டும்ப்பா," என்றார்.

அதை அவனுக்காக வாங்கிக்கொண்டேன்.