எட்வின் அண்ணனின் சத்தமில்லாத பேஸ் கிடார்

பேஸ் கிடாரைப் போல நன்றி கிடைக்காத வாத்தியம் வேறில்லை. இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாமல் போனால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கூட விழித்துக்கொள்வார். இதை நான் புனேயின் கட்கியில், எங்கள் தேவாலயத்து ஹாலில், பெரியம்மா மகன் எட்வின் அண்ணனின் கல்யாணத்தைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டேன்.

அண்ணன் தன் நண்பர்களின் பேண்டில் பேஸ் வாசிப்பவன். பக்கத்து நிக்டியில் அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த ஜெனிபரின் அப்பா, "மாப்பிள்ளை என்னமோ வாசிக்காராமே, கேட்டுட்டு முடிவு சொல்லுதேன்" என்றிருந்தார். ஞாயிறு மாலைக் கச்சேரிக்கு வரச் சொன்னோம். அதை நேரடியாகப் பதிவு செய்வது என் பொறுப்பு. (படித்துக்கொண்டிருந்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அதனாலென்ன?)

காலை ஒத்திகையைப் பதிவு செய்து கேட்டால், பேஸும் டிரம்ஸும் குழைந்த பொங்கலாக ஒட்டிக்கிடந்தன. நான் அசரவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் குளிருக்குப் போர்த்தும் ரஜாய்களை வாங்கிவந்து சுவரெல்லாம் தொங்கவிட்டேன். அவை டிரம்ஸின் சிம்பல் தட்டுகளின் கணகணப்பை மட்டும் விழுங்கிவிட்டு, கீழே கிடந்த உறுமலை அப்படியே விட்டுவைத்தன.

"ஏட்டி ஷெரின், இது ஹாலா, துணி காயப்போடுத தோபி காட்டா?" என்றான் அண்ணன்.

அப்போதுதான் விஷயம் உள்ளங்காலில் உறைத்தது. (செருப்பைக் கழற்றியிருந்தேன்.) அது உள்ளே வெற்றிடமுள்ள பலகை மேடை. பேஸின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி அதன்மேல் உட்கார்ந்து மேடையையே உறுமவைத்துக்கொண்டிருந்தது. ஆம்பை அணைத்தேன். கிடாரை நேரே பதிவுக் கருவியில் செருகினேன். வாசிப்பவர்களுக்கு ஹெட்போன் கொடுத்தேன். வம்பே வேண்டாமென்று ஹால் ஸ்பீக்கரிலிருந்தும் பேஸை எடுத்துவிட்டேன். ஆகா! ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, துல்லியமாக!

மாலையில் நான் ஹெட்போனுக்குள் சொர்க்கத்தில் இருந்தேன். மூன்றாவது பாட்டில் அண்ணன் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. மற்றவர்கள் நிறுத்தினார்கள். அவன் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, உயிரைக் கொடுத்து வாசித்தான். நான் உருகினேன். ஹால் மட்டும் ஏன் இப்படி விழிக்கிறது என்று ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினேன்.

மின்விசிறிச் சத்தம் கேட்டது.

முதல் வரிசையில் ஜெனிபரின் அப்பா மகளிடம் கேட்டதும் கேட்டது: "ஏம்மா, பையனுக்கு உடம்புக்கு எதும் சொகமில்லையா?"

பாய்ந்தேன். ஹெட்போன் ஒயர் எட்டவில்லை. மேஜையோடு இழுத்துக்கொண்டு போய் அவர் தலையில் மாட்டினேன். முதலில் அவர் முகம் மாறியது. பிறகு கால் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் கழற்றிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் வாசிக்கான். ஆனா கல்யாணத்துக்கு வாறவங்க எல்லாருக்கும் இத மாட்டிவிடுவியாம்மா?"

'கல்யாணம்' என்ற சொல் வந்துவிட்டது! மேடையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அண்ணன் தன் வாசிப்புக்கென்று நினைத்துக் குனிந்து வணங்கினான்.

அந்தப் பதிவு இன்றும் அருமையாக இருக்கிறது. (யார் வந்தாலும் போட்டுக் காட்டுவேன்.) ஆனால் வீட்டில் தான் ஏதாவது கேட்டு அண்ணன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், ஜெனிபர் மதினி என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

"ஷெரின், உங்க அண்ணன் பதில் சொல்லிட்டுத்தான் இருக்காரு போல. அந்த ஹெட்போன எடுத்துட்டு வா."