கறிவேப்பிலை நின்ற காலி நிலம்

ஊரிலுள்ள காலி நிலங்களையெல்லாம் சமூகத் தோட்டங்களாக்கி மக்களை மகிழ்விப்பது என்று மேலிடத்தில் ஏகமனதாக முடிவாயிற்று. ஆகவே ஜொகூரில் தாமான் செரி மெலூர் என்ற குடியிருப்பின் மக்கள் மகிழ்ந்தே தீர வேண்டியதாயிற்று.

அதற்கு இடைஞ்சலாக ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. தன் வீட்டை ஒட்டிய காலி நிலத்தில் சூசையம்மாள் வைத்தது. அவள் மீன் கறிக் கடையின் மானமே அதில்தான் இருந்தது. தாமானே அதை நம்பித்தான் தாளித்தது. யாரும் கேட்டுப் பறித்ததில்லை, அவளும் கேட்கச் சொன்னதில்லை.

திட்ட அதிகாரி ஹேமநாதன் மரத்தைச் சுற்றி வந்தார்.

"அம்மா, திட்டம் காலி நிலத்துக்குத்தான். இது காலியா இல்லையே."

"அப்ப வேற இடம் பாருங்க சார்."

"காலி நிலம்னு மேலே சொல்லியாச்சு. இனி நிலம்தான் காலியாகணும்."

"தோட்டம்தானே போடப் போறீங்க? மரம் இருந்துட்டுப் போகட்டும்லா."

"தோட்டத்துல மரம் இருக்கலாம்மா. தோட்டத்துக்கு முன்னாடி இருக்கக் கூடாது."

குடியிருப்பாளர் கூட்டம் கூடியது. தலைவர் தங்கராஜு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். "அங்கெல்லாம் லெவண்டர் பூச்செடி வைக்கிறாங்க. நாம இன்னும் கறிவேப்பிலையிலேயே நிக்கிறோம்" என்றார். எல்லாருக்கும் வெட்கமாகிவிட்டது. மரத்தை வெட்ட எல்லாக் கையும் உயர்ந்தது, காலையில்தான் ஒரு கொத்து ஒடித்துப் போயிருந்த ஷர்மினியின் கையும். சூசையம்மாளின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

மரம் போனது, லெவண்டர் வந்தது. தண்ணீர் ஊற்றுவது யார் என்று பேசக் கமிட்டி மூன்று முறை கூடி, தே தாரேக் தேநீர் மட்டும் ஊற்றிக் கலைந்தது. வெயிலில் காய்ந்தது போக மிச்சம் மழையில் அழுகியது.

சிறந்த தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வந்த அன்று அங்கே பச்சையாக இருந்தது ஒன்றுதான். பழைய வேரிலிருந்து கறிவேப்பிலைக் கன்றுகள் கிளம்பியிருந்தன. நடுவர்கள் முகர்ந்து பார்த்து முதல் பரிசு தந்தார்கள். "சமூகத்தின் கூட்டு உழைப்பு" என்று ஹேமநாதன் உரையாற்றினார்.

பரிசு பெற்ற பயிரை இனி யாராவது குழம்பில் போடுவதா? வேலி போட்டு, பூட்டு மாட்டி, பறிக்கத் தடை என்று தீர்மானம் வந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது. இந்த முறை சூசையம்மாளின் கையும். வேர் அவள் வீட்டுச் சுவருக்கு அடியில் புகுந்து, கொல்லையிலும் முளைத்திருந்தது அப்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, கறிவேப்பிலை தாளித்த வாசனையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு கேட்டில் ஹேமநாதன் வந்து நின்றார். பின்னால் தங்கராஜு, அவருக்குப் பின்னால் ஷர்மினி.

"வீட்ல மீன் கறிம்மா. ஒரு கொத்து கிடைக்குமா?"

"கொடுக்கலாம் சார். ஆனா கமிட்டி கூடணும்."

"எந்தக் கமிட்டி?"

"நான்தான். அடுத்த மாசம் கூடுறேன்" என்று கேட்டைச் சாத்தினாள் சூசையம்மாள்.