மைத்துனன் தின்ற மருந்து

வெட்டும் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்த தம்பியின் வாய் நீலமாக இருந்தது.

"ஐயோ!" என்று தையற்காரர் அலறினார். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கோட்டுத் துணியை எலி கடித்துவிட்டதே என்று முந்தாநாள்தான் எலி மருந்து வாங்கி வைத்திருந்தார். நீல நிறக் கட்டிகள். இப்போது அந்த டப்பா தரையில் வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே ஒரு கட்டி குறைந்தது.

தம்பி என்பது நாய். மனைவிக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அந்தக் குறை தீர நாய்க்குத் தம்பி என்று பெயர் வைத்து, கட்டிக்கொண்டவருக்கு ஒரு மைத்துனனையும் உண்டாக்கிவிட்டாள் அந்த மகராசி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "அவனுக்கு ஒண்ணுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றாள். "எனக்கு ஒண்ணுன்னா?" என்று இவர் கேட்டார். அதற்குள் அவளுக்கு பஸ் வந்துவிட்டது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன டெய்லரே, மூச்சு வாங்குது?"

"தம்பி எலி மருந்தைத் தின்னுட்டான்க்கா."

"இதுக்கா இப்படி முழிக்கிறீங்க? உப்பைக் கரைச்சு ஊத்துங்க. குடலைப் புரட்டிக்கிட்டு எல்லாம் வெளிய வந்துரும்."

இதற்கு முன் அவள் வைத்தியம் பார்த்தது ஒரு தொட்டி மீனுக்கு. அது இப்போது இல்லை. இருந்தாலும் அவசரத்துக்கு யார் சொன்னால் என்ன என்று இவர் ஒரு சொம்பு உப்புத் தண்ணீரோடு வந்தார். தம்பி பல்லைக் கிட்டித்துக்கொண்டு தலையை ஒரே உதறாக உதறியது. சொம்புத் தண்ணீர் முழுக்க இவர் சட்டைக்குப் போனது. நாய் தையல் மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அதை இழுத்து ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். மாட்டு டாக்டர் என்றால் நாய்க்கும் அவர்தான். காதில் சொருகியிருந்த, துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸ் நழுவியது. கை இரண்டும் வேலையாக இருக்கும்போது செய்கிற மாதிரி அதைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

"டாக்டர், நாய் மருந்து சாப்பிட்டுருச்சு."

"நல்ல நாய். எங்க வீட்டுல இருக்கிறது வாயே தொறக்காது."

"எலி மருந்துங்க, டாக்டர்."

குரல் மாறியது. "வாயில எதையும் ஊத்தாதீங்க. உப்புத் தண்ணி, பாலு, எண்ணெய், எதுவும் கூடாது. நீங்களா வாந்தி எடுக்கவும் வைக்காதீங்க. மருந்து டப்பாவை எடுத்துக்கிட்டு உடனே கெளம்பி வாங்க. நாய் எடை எவ்வளவு?"

"எடை தெரியலைங்க. மார்பு இருபத்தாறு, கழுத்து பதினாலு."

"என்னத்தை வாயில வச்சுக்கிட்டுப் பேசுறீங்க? பாதி காதுலயே விழல."

"சாக்பீஸுங்க. தொழில் பழக்கம்."

"அதைத் துப்பிட்டு வாங்க."

துப்ப மனம் வரவில்லை. திரும்பக் காதிலேயே சொருகிக்கொண்டு, மருந்து டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டார். தம்பி நடுங்குகிறதே என்று, கைக்குக் கிடைத்த அரைகுறை மாப்பிள்ளைக் கோட்டில் சுற்றி வாசலுக்குத் தூக்கி வந்தார். அதற்குள் எதிர்வீட்டு அக்கா தெருவில் இறங்கி ஒரு ஆட்டோவை மறித்துவிட்டாள்.

"ஐயோ, இவர் தம்பி எலி மருந்தைத் தின்னுட்டான். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். கோட்டின் ஒரு கை மட்டும் துவண்டு தொங்கியது. அதற்கு மேல் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. வண்டி பறந்தது.

"என்ன வயசுண்ணே?"

"ஆறு."

"ஆறு வயசுப் பிள்ளை கைக்கு எட்டுற மாதிரியா மருந்தை வைப்பீங்க?"

"மேசை மேலதான் வச்சேன். தாவி எடுத்துருக்கான்."

"கண்டிச்சு வளக்கணும்ணே."

"எங்க? வீட்டுக்காரி செல்லம். கட்டில்ல அவன் படுத்தது போக மிச்ச எடம்தான் எனக்கு."

பேச்சு சுவாரசியத்தில் வண்டி எங்கே போகிறது என்று இவர் பார்க்கவில்லை. நின்றபோது பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து கோட்டு மூட்டையை வாங்கிப் படுக்க வைத்தார்கள். நர்ஸம்மா நாடி பார்க்கக் கோட்டுக் கைக்குள் விரலை விட்டாள். மறுபக்கம் ஒரு வால் ஆடியது.

"ஏங்க, இங்க மனுசங்களுக்கு மட்டும்தான் பாக்குறோம்" என்றாள்.

வரிசையில் நின்ற நோயாளிகள் வியாதியை மறந்து சிரித்தார்கள். இவர் மூட்டையை அள்ளிக்கொண்டு வந்து ஆட்டோக்காரர் மேல் பாய்ந்தார். "கண்ணு தெரியலையா உனக்கு? நாயைக் கொண்டுபோற எடமாய்யா இது?"

"தம்பின்னு சொன்னது நானாண்ணே?"

ஆட்டோ மாட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது.

மாட்டு டாக்டர் தயாராக நின்றிருந்தார். தம்பியின் வாயைத் திறந்து, நாக்கைப் பார்த்து, நீலத்தைப் பஞ்சால் துடைத்து, விரலில் தேய்த்து, முகர்ந்தார். டப்பாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அதையும் முகர்ந்தார்.

"இவன் வாயில இருக்கிறது மருந்து இல்ல. வெறும் சாக்பீஸ் தூள். சாயங்காலம் வரைக்கும் எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்குங்க. மத்தபடி எறக்கி விடுங்க."

தையற்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி வீட்டில் இருப்பாள், தம்பி கட்டிலில் இருப்பான், தானும் ஓரமாக இருக்கலாம். டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டர் பதிலுக்குக் கும்பிடாமல் இவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது என்னங்க?"

"என் சாக்பீஸ்."

டாக்டர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். டப்பாவில் இருந்த கட்டிகளின் மேல் அச்சடித்திருந்த எலி இதன் மேலும் இருந்தது. வால் பக்கம் மட்டும்தான் இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் பல் தடம்.

"எப்பலேர்ந்து இதைக் கவ்விக்கிட்டு இருக்கீங்க?"

"காலையிலேர்ந்து. கொஞ்சம் இனிச்சுது. கம்பெனிக்காரன் சரக்கை மாத்திட்டான் போலன்னு நெனச்சேன்."

சாக்பீஸ் டப்பாவையும் மருந்து டப்பாவையும் ஒட்டி ஒட்டி வைத்த புத்திசாலி யார் என்று டாக்டர் கேட்கவில்லை.

"பதறாதீங்க. வாயை நல்லாக் கொப்பளிச்சுத் துப்புங்க. நீங்களா எதையும் குடிச்சு வாந்தி எடுக்காதீங்க. டப்பாவைக் கையோட எடுத்துக்கிட்டு உடனே போய் ஒரு டாக்டரைப் பாருங்க."

"நீங்க டாக்டர்தானே?"

"உங்களுக்கு இல்லைங்க."

வாசலில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் சாவியைச் சுழற்றினார்.

"ஏறுங்கண்ணே. மொதல்ல நான் சரியான ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போயிருக்கேன்."