மாமனார் கொடுத்த ரீப்பர்

கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வது சுலபம். மாமனாரிடம் பத்து ரீப்பர் கட்டை வாங்குவதுதான் கஷ்டம். மாமனார் எனக்கு உறவில்லை. சூலூரில் மரக்கடை வைத்திருப்பவர். ஊரே வைத்த பெயர் அது. ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு வீடு கட்டியபோதுதான் விளங்கியது.

வீட்டு முன்சுவர் முழுக்க வெளியே மரப்பலகை பதிக்க வேண்டுமென்று என் மனைவி கோகிலாவுக்கு ஆசை. கிரகப்பிரவேசத்துக்கு வரும் என் அக்கா வாயடைத்துப் போக வேண்டும், அவ்வளவுதான். பலகையை நேராகச் சுவரில் அடித்தால் ஈரம் கோத்து உளுத்துவிடுமாம். முதலில் ரீப்பர் என்கிற ஒல்லியான மரச்சட்டங்களை அடித்து, அதன்மேல் பலகை அடித்தால் பின்னால் காற்று போய்வருமாம். மாமனாரிடம் போனேன்.

"கட்டை ஆருக்குங்க?"

"ஊட்டுச் செவுத்துக்குங்க. மதுக்கரைப் பக்கம், மேக்கு பாத்த ஊடு."

"மேக்கா! சாரல் நேரா மூஞ்சில அடிக்குமேங்க!"

ஒரு கட்டையை எடுத்து ஒற்றைக் கண்ணால் நுனிவரை பார்த்தார். "இது முறுக்கிட்டிருக்குது. வேண்டாமுங்க." அடுத்தது நூல் பிடித்த மாதிரி நேராக, முடிச்சில்லாமல், நன்றாகக் காய்ந்திருந்தது. கை நீட்டினேன். சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இது நல்ல கட்டைங்க. எடம் பாக்காம எப்படிங்க குடுக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே இடம் பார்க்க வந்துவிட்டார், தாம்பாளத்தில் வாழைப்பழத்தோடு! காப்பி குடித்தார். சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். "செவுரு இன்னும் காயலீங்க. ஒத்து வராது" என்று எழுந்தார். கொண்டுவந்த பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோகிலாவுக்கு வந்ததே கோபம்! "என்னைக் குடுக்கறப்ப எங்கப்பாவே இத்தனை பிகு பண்ணலீங்க!" அன்றிலிருந்து நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு டேபிள் ஃபேன் எல்லாம் புது வீட்டுச் சுவரைப் பார்த்தே சுற்றின. நாங்கள் வியர்த்துக் கிடந்தோம். சுவர் காய்ந்ததும் அவளே சூலூருக்குப் போனாள்.

"ஏனுங்க மாமனாரே, செவுரு காஞ்சுபோச்சு. மண்ணு தெறிக்காம கட்டையைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலயே நிறுத்திப்போடறோம். துருப்பிடிக்காத ஸ்குரூதான் போடுவோம். இன்னும் ஜாதகம் கீதகம் பாக்கோணுமா?"

மாமனார் கண் கலங்கிவிட்டார். "பாத்துக்குங்க அம்மணி" என்று கட்டைகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினார். வண்டி திரும்பும்வரை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாராம்.

கிரகப்பிரவேசத்தன்று எல்லோரும் பலகையைப் பார்த்து அசந்துபோனார்கள். என் அக்கா மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடி, போர்ட்டிகோ ஓரத்தில் கண்டுபிடித்தேவிட்டாள்.

"ஏங் கோகிலா, இங்க ஒரு பலகை கொறையுது? ஆசாரி மறந்துட்டானா?"

போச்சு, கோகிலா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சிரித்தாள்.

"நாந்தாஞ் சொன்னேனுங்க அண்ணி. எல்லாத்தையும் மூடிப்போட்டா, மாமனாரு வந்து எதைப் பாப்பாரு?"

சாயங்காலம் மாமனார் தாம்பாளத்தோடு வந்தார். அந்த இடுக்கில் கண்ணை வைத்து, உள்ளே தெரிந்த தன் கட்டையை வெகுநேரம் பார்த்தார். இந்த முறை பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

மழைக்கு மழை வந்து பார்க்கிறார். மிச்சப் பலகை பரணில் அப்படியே கிடக்கிறது. அதை அடித்துவிட்டால் அந்த மனுஷன் வராமல் போய்விடுவாரோ என்று எங்களுக்குப் பயம்.